கண்ணில் ஒற்றிய சுவடி

முன்னே ஒரு காலம். ஆற்றில் தண்ணீரும் அரண்மனையில் ஆசையும் வற்றாத நாடு ஒன்று. மாறவேள் என்பவர் அதற்கு ராஜா. பக்கத்து நாட்டில் நூல்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நம் நாட்டில் அதைவிட அதிகம் வேண்டும். புது நூல் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் பொன்னாடையும் பல்லக்கும்" என்று பறையறைவித்தார். தாமும் குதிரைகளைப் பற்றி ஒரு நூல் எழுத உட்கார்ந்தார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள் கண்ணுகளா. புதிய நூல் எதுவானாலும் பண்டிதர் சபைக்கு வரவேண்டும். அவர்கள் சுவடிக் கட்டை அவிழ்த்து, ஏடு ஏடாகப் படித்து, சண்டை போட்டுத் தீர்த்த பிறகுதான் அதற்கு அரச முத்திரை விழும். பிறகு படியெடுத்து ஊர் ஊராக அனுப்புவார்கள்.

பல்லக்கு ஆசை வந்ததும் சுவடிகள் வண்டி வண்டியாக வந்தன. எல்லாவற்றையும் யார் படிப்பது? அதோடு, இன்று நூலை ஆராய்கிறவர் நாளைக்குத் தம் நூலையும் கொண்டு வரவேண்டியவர்தானே. ஆகவே பண்டிதர்கள் கட்டை அவிழ்க்காமலே சுவடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பார்த்தாயிற்று, பழுதில்லை" என்று அடுத்தவர் கையில் கொடுக்கத் தொடங்கினார்கள். முத்திரைகள் மளமளவென்று விழுந்தன.

அந்தச் சபைக்குத் தலைவர் அம்பலவாணர். அரசவை விகடன் தத்தன் என்றால் அவருக்கு ஆகாது. தாம் பாடும் பாட்டுக்கு ராஜா கொட்டாவி விடுகிறார், அவன் பேச்சுக்குச் சிரிக்கிறார் என்று நெடுநாள் பொருமல்.

ஒருநாள் தத்தனின் சின்ன மகள் நங்கைக்குக் காய்ச்சல் கண்டது. அம்பலவாணரின் 'பாலர் சுர நூல்' அப்போதுதான் முத்திரை பெற்று, ஏடெழுதும் கூடத்தில் படியாகிக்கொண்டிருந்தது. நல்ல கஷாயம் ஏதாவது கிடைக்குமா என்று தத்தன் போய்ப் பிரித்துப் பார்த்தான். அதில் இப்படி இருந்தது: 'குழந்தைக்குச் சுரம் கண்டால் எட்டிக்கொட்டையைப் பச்சையாக அரைத்து, பாலில் கலந்து, கை நிறையப் புகட்டுக.'

எட்டி விஷம் என்பது ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அந்தப் படிகளை ஏற்றிக்கொண்டு பௌர்ணமியன்று குதிரைகள் ஊர் ஊராகப் புறப்படப் போகின்றன. எத்தனை ஊரில் எத்தனை நங்கைகள்.

தத்தன் நேரே சபைக்கு ஓடினான். "மகாராஜா, அந்தச் சுர நூலைத் தாங்கள் நிறுத்தவேண்டும். அதில்..."

"விகடன் வைத்திய நூலுக்கு உரை சொல்ல வந்துவிட்டானா?" என்றார் அம்பலவாணர். "அதில் இருக்கிற நுட்பம் இவனுக்கு எங்கே விளங்கும்? எதைக் குறை என்கிறானோ, அதற்கு நான் ஒரு காரணம் சொல்கிறேன்."

எட்டி என்று இப்போது சொன்னால் உடனே ஒரு காரணம் முளைக்கும், நூலும் ஊர் ஊராகப் போய்விடும் என்று தத்தனுக்குப் புரிந்தது. வேறு பக்கமாகத் திரும்பினான்.

"சபையில் யாரும் அதைப் படிக்கவில்லை, மகாராஜா. சுவடியைக் கண்ணில் ஒற்றினால் படித்ததாகும் என்றால், இலையைக் கண்ணில் ஒற்றினால் உண்டதாகும். நாளைக்குப் பண்டிதர்களுக்கு அப்படியே விருந்து வைத்துப் பார்க்கலாம்."

ராஜா சிரித்துவிட்டார். அம்பலவாணருக்கு முகம் கறுத்தது.

"பேச எளிது மகாராஜா. என் நூலுக்கு எவ்விதத்திலும் குறையாத ஒரு சுர நூலை இவன் பௌர்ணமிக்குள் கொண்டு வரட்டும். சபை ஆராயும். பழுது கண்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்."

"எவ்விதத்திலும் குறையாத நூல். கொண்டு வந்தால் போதும், அப்படித்தானே ஐயா?" என்றான் தத்தன்.

"போதும். அதுவே உன்னால் ஆகாது."

தத்தன் வீட்டுக்குப் போனான். நங்கைக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுத்துவிட்டு, அவள் படுக்கையின் பக்கத்திலேயே எழுத்தாணியோடு உட்கார்ந்தான்.

"உங்களுக்கு வைத்தியம் தெரியாதே, என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்டாள் மனைவி.

"எனக்குத் தெரிந்ததைத்தான். எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்."

பௌர்ணமியன்று சபை கூடியது. வாசலில் குதிரைகள் கனைத்துக்கொண்டு நின்றன. தத்தன் ஒரு சுவடியை வைத்தான். அதன் மேல்பலகையில் பெயர் எதுவும் இல்லை. பண்டிதர்கள் அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு கட்டை அவிழ்த்தார்கள். என்ன வேகம், என்ன உற்சாகம். படித்தவர்கள்தான், கண்ணுகளா, படிக்க உட்கார்ந்தால் எதுவும் தப்பாது.

"இரண்டாம் ஏடும் ஐந்தாம் ஏடும் ஒன்றுக்கொன்று முரண்" என்றார் ஒருவர்.

"இது பழைய மாட்டு வைத்தியத்திலிருந்து திருடியது. கன்று என்ற இடத்தில் குழந்தை என்று போட்டிருக்கிறான்" என்றார் இன்னொருவர்.

முதியவர் திருமேனிப் பண்டிதர் ஏட்டோடு எழுந்தார். "மகாராஜா, இங்கே எட்டிக்கொட்டையைப் புகட்டச் சொல்கிறது. இது வைத்தியமில்லை, கொலை."

எல்லாரையும்விட உரக்கப் பேசியவர் அம்பலவாணர். "இதை எழுதியவனுக்குக் கழுதை மேய்க்கவும் தகுதியில்லை. நாடு கடத்துவதுகூடக் குறைந்த தண்டனை."

"எழுதியவர் யார் என்று மேன்மை தாங்கிய தலைவருக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டான் தத்தன்.

"நீதான்."

"நான் கொண்டு வந்தேன், ஐயா. இயற்றினேன் என்று சொல்லவில்லை. தங்கள் நூலுக்கு எவ்விதத்திலும் குறையாத நூல் கேட்டீர்கள். ஏடெழுதும் கூடத்தில் ஒரு படி வாங்கி, தங்கள் நூலையே ஏடு பிசகாமல் பார்த்து எழுதி வந்திருக்கிறேன். முத்திரை பெற்றதை வரவழைத்து ஒப்பிடலாம்."

ஒப்பிட்டார்கள். ஓர் எழுத்தும் மாறவில்லை. சபையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அவர்கள் படிக்கவில்லை, சரி. உமது நூல் உமக்கே ஏன் அடையாளம் தெரியவில்லை?" என்றார் ராஜா.

அம்பலவாணர் மேல்துண்டைத் திருகினார். "சந்தையில் ஓர் ஏட்டு வியாபாரி விற்றான், மகாராஜா. பெயர் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது."

ராஜா முதல் காரியமாகக் குதிரைகளை லாயத்துக்குத் திருப்பச் சொன்னார். அம்பலவாணரின் பொன்னாடையும் பதவியும் அங்கேயே இறங்கின. பிறகு, தம் சபை தம் எதிரிலேயே ஒரே நூலை வாழ்த்தியும் வைதும் ஆடிய கூத்தை நினைத்து, வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தத்தனுக்குப் போட்டார்.

"வேறென்ன வேண்டும், கேள்."

"இனி பலகையில் பெயர் இல்லாமலே நூல் சபைக்கு வரட்டும், மகாராஜா. 'பழுதில்லை' என்று சொல்கிறவர் மட்டும் தம் பெயரைக் கடைசி ஏட்டில் எழுதட்டும்."

"அப்படியே ஆகட்டும். ஆனால் என் குதிரை நூல் நேற்றுத்தான் முடிந்தது. அதிலிருந்தே தொடங்குவோம்" என்று ராஜா பட்டுக்கட்டை நீட்டினார்.

திருமேனிப் பண்டிதர் அதை வாங்கினார். பழக்கத்தில் கை கண்வரை போனது. அங்கே நின்றது. மெதுவாக இறக்கி, மடியில் வைத்து, முடிச்சை அவிழ்த்தார். முதல் ஏட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"மகாராஜா," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குதிரைக்குக் கொம்பு உண்டா என்பதில் அடியேனுக்கு ஒரு சிறு சந்தேகம்."

ராஜா தத்தனைப் பார்த்தார், பண்டிதரைப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் லாயத்துக் குதிரைகள் காதை நிமிர்த்தின. கொம்பில்லாத குதிரைகள்தான்.

அந்தச் சிரிப்பு அடங்கியபோது இரண்டாவது முத்துமாலை திருமேனிப் பண்டிதர் கழுத்தில் கிடந்தது. குதிரை நூல் திருத்தத்துக்காக ராஜாவின் அறைக்கே திரும்பிப் போயிற்று. தத்தன் வீடு போய்ச் சேர்ந்தபோது நங்கை காய்ச்சல் விட்டுக் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.