இரண்டாம் பந்தி

"நான் வாங்குற பென்ஷன் பாவமா, அம்மா?" என்று கேட்டார் சபேசன்.

அவர் ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக எழுத்தர். மடத்தை நடத்தும் ஞானாம்பாள் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் சபேசனுக்கு அவர்தான் குரு.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. என் நாற்காலியில இப்ப மலர்க்கொடின்னு ஒரு பொண்ணு இருக்கா. அதே வேலை. அவ சேர்ந்தப்போ சட்டம் மாறிடுச்சு, பென்ஷன் கிடையாது. பென்ஷன் கேட்டு அவங்க எல்லாரும் நாளைக்கு உண்ணாவிரதம் இருக்காங்க. 'நீங்களும் வந்து உட்காருங்க சார்'ங்கறா."

"உட்காரலாமே."

"அவளுக்குக் கொடுக்கப் போய் என்னுடையதுல கை வெச்சுட்டா? முப்பத்தாறு வருஷம் உழைச்சிருக்கேன்."

ஞானாம்பாள் பந்திப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்குக் குருபூஜை. முதல் பந்தி போட்டாச்சு. சாப்பிட்டுட்டுப் பேசலாம், ஐயா."

சபேசன் இலை முன் அமர்ந்தார்.

சாம்பார் வரும்போதே, அடுத்த பந்திக்கு இடம் பிடிப்பவர்கள் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஒரு பெண். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை.

"இந்தத் தாத்தா எப்பம்மா எழுந்திருப்பாரு?"

"சும்மா இரு. காதுல விழப்போகுது."

விழுந்தது.

ஞானாம்பாளே சோற்று வாளியோடு வந்தார்.

"இன்னும் கொஞ்சம்?"

"வேண்டாம்மா. பின்னால நிக்கிறாங்க."

"நிக்கட்டும். முன்னால வந்தது நீங்கதானே? உரிமையோட சாப்பிடுங்க."

"உரிமைதான். தொண்டையில இறங்கலையே."

"அப்ப பாதியில எழுந்துடுங்க."

"நான் பட்டினி கிடந்தா அவங்க வயிறு நிறைஞ்சிடுமா?" என்றார் சபேசன், கோபமாக.

ஞானாம்பாள் அடுத்த இலைக்குப் போனார்.

சபேசன் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் இரண்டாம் பந்திக்குப் பரிமாற வேண்டும் என்பது மடத்து வழக்கம். கை கழுவிவிட்டுச் சோற்று வாளியை வாங்கிக்கொண்டார்.

நாலாவது இலையிலேயே கரண்டி வாளியின் அடியைச் சுரண்டியது. அடுத்த இலை அந்தப் பெண்ணுடையது.

அவள் இலையைக் கையால் மறைத்தாள். "எனக்கு வேண்டாங்க. பிள்ளைங்களுக்கு மட்டும் போடுங்க."

 சபேசன் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு உலை வைங்க!"

அலுவலகத்தில் ஒருநாளும் எழாத குரல். பந்தியே நிமிர்ந்து பார்த்தது.

"அரிசி இல்லைங்க!" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"இருக்கும், தேடுங்க! சோறு வர்ற வரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்."

ஞானாம்பாள் அருகில் வந்தார்.

"உண்ணாவிரதம் எத்தனை மணிக்கு, ஐயா?"

"பத்துக்கு," என்றார் சபேசன், அடுப்படியிலிருந்து கண்ணை எடுக்காமல்.