இருநூற்றுப் பதினேழாவது கட்டுரை

முடிவைச் சொல்லிவிட்டுக் கதை சொல்கிறவன் நானில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் கேட்பேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு மருத்துவக் கல்லூரி. அதன் நூலகர் மெகராஜ் பானு. அந்த வருஷம் அங்கே ஒரு பெரிய வேலை நடந்தது. சிக்குன்குனியா வந்து போன பிறகு சிலருக்குக் கைகால் தளர்ந்துபோகும், நரம்பு படுத்துக்கொள்ளும். இதைப் பற்றி இந்தியாவில் யார் யார், எந்தெந்த வருஷம், எத்தனை கட்டுரை எழுதினார்கள் என்று கணக்கெடுக்கும் ஆய்வு அது. காய்ச்சல் வந்த மறுவருஷம் கட்டுரைகள் குவிகின்றன, காய்ச்சலை ஊர் மறந்ததும் டாக்டர்களும் மறந்துவிடுகிறார்கள் என்பது பாதி வேலையிலேயே தெரிந்துவிட்டது.

மெகராஜ் தேடித் திரட்டியவை நானூற்று முப்பத்தெட்டுக் கட்டுரைகள். ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயரையும் கல்லூரிப் பெயரையும் கறுப்பு மையால் அடித்து, எண் போட்டு, இரண்டு பேரிடம் கொடுத்தார். ஒருவர் நரம்பியல் டாக்டர் இசக்கிச்செல்வி. இன்னொருவர் புள்ளியியல் ஆசிரியர் கோமதிநாயகம். ஆறு மாதம் முன்புதான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. ‘சேர்’ அல்லது ‘தள்ளு’ என்று எழுதித் தர வேண்டும். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் துறைத்தலைவர் டாக்டர் தேவசகாயம் தீர்ப்புச் சொல்வார். விதிகளை ஒரு நோட்டில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான்காவது விதி இது: எல்லா நோயாளிகளுக்கும் இரத்தப் பரிசோதனையில் வைரஸ் உறுதியாகியிருக்க வேண்டும், ஒருவருக்கு இல்லை என்றாலும் கட்டுரை தள்ளப்படும்.

இருநூற்றுப் பதினேழில் சிக்கல் வந்தது. கோமதிநாயகம் ‘சேர்’ என்றார், இசக்கிச்செல்வி ‘தள்ளு’ என்றார்.

மெகராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மை பூசியவர் ஆயிற்றே, அது யாருடைய கட்டுரை என்று அவருக்குத் தெரியும். இன்னொன்றும் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆய்வின் முடிவில் அதிகம் எழுதிய பத்துக் கல்லூரிகளின் பட்டியல் வரும். இதையும் சேர்த்துத் தம் கல்லூரிக்கு ஆறு கட்டுரை இருந்தால் பத்தாவது இடம், ஐந்தானால் பட்டியலிலேயே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த நூலகத்தைக் கட்டிக் காத்தவர். தில்லிக்கும் பெங்களூருக்கும் கீழே தம் ஊர்ப் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசையாக இருந்தது.

கட்டுரையைத் துறைத்தலைவரிடம் கொண்டுபோனார். தேவசகாயம் முதல் அட்டவணையைப் பார்த்ததுமே மூடிவிட்டார்.

“இது நானும் இசக்கியும் எழுதுனதுல்லா. மூணு மாசம் வார்டுலயே கிடந்தோம். இதுக்கு நான் தீர்ப்பு சொல்லப்பிடாது. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க.”

சொல்லிவிட்டு ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார். மெகராஜ் நேராக இசக்கிச்செல்வியிடம் போனார்.

“தெரிஞ்சுதான் தள்ளுனீங்களா டாக்டர்?”

“தெரியாம இருக்குமாக்கா? என் மொதக் கட்டுரை. பதினோரு நோயாளி. கடைசி ரெண்டு பேருக்கு டெஸ்ட் பண்ண கிட் தீந்துபோச்சு. அவங்க முகங்கூட இன்னும் ஞாபகம் இருக்கு. நம்ம போட்ட விதி, நமக்கு மட்டும் இல்லன்னு ஆயிருமா?”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இங்கே தாயே குஞ்சைக் கூட்டிலிருந்து தள்ளிவிட்டு நிற்கிறாள். மெகராஜுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

நூலகத்துக்குத் திரும்பி, கட்டுரையை வரி வரியாகப் படித்தார். மூன்றாவது அட்டவணைக்கு அடியில், கடுகு போன்ற எழுத்தில், அந்த இருவருக்கும் பரிசோதனை செய்ய இயலவில்லை என்று இருந்தது. கோமதிநாயகம் எழுதிய ‘சேர்’ மேல் ஒரு கோடு கிழித்தால் முடிந்தது வேலை. அவர் கிழிக்கவில்லை. ஏற்கெனவே முடிவான இரண்டு கட்டுரைகளுக்கு நடுவே இதைச் செருகி, மூன்றையும் கோமதிநாயகத்தின் மேசையில் வைத்தார்.

“அட்டவணைக்கு அடியில இருக்கது வரைக்கும் விடாமப் படிச்சுட்டு, மறுபடி எழுதிக் குடுங்க சார்.”

“ஏன் மேடம், எதுலயாவது தப்பு விட்டுட்டேனா?”

“அதச் சொல்ல மாட்டேன்.”

மறுநாள் காலை மூன்றும் திரும்பி வந்தன. இரண்டில் பழைய முடிவே இருந்தது. இருநூற்றுப் பதினேழில் ‘சேர்’ அடிக்கப்பட்டு, ‘தள்ளு’ என்று எழுதி, அடிக்குறிப்புக்குக் கீழே பென்சில் கோடு போட்டிருந்தது. பக்கத்திலேயே, “மன்னிக்கவும், முதலில் கவனிக்கவில்லை.” கல்லூரியின் பத்தாவது இடம் கைவிட்டுப் போயிற்று.

இப்போது சொல்லுங்கள். தன் கட்டுரையைத் தானே தள்ளிய இசக்கிச்செல்வி, தீர்ப்புச் சொல்ல மறுத்து எழுந்த தேவசகாயம், தீர்ப்பைத் தன் கையால் எழுதாத மெகராஜ். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மெகராஜ். இசக்கிச்செல்வியின் முடிவு சரி, ஆனால் உட்கார்ந்த இடம் தவறு. தன் பிள்ளையை அடித்தாலும் அணைத்தாலும் அவள் தாய்தான், நடுவர் ஆக மாட்டாள். ‘இது என்னுடையது’ என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தேவசகாயம் எழுந்தது சரி. ஆனால் எல்லாம் தெரிந்தவரிடமே பொறுப்பைத் தள்ளிவிட்டுப் போனார். மெகராஜோ தன் ஆசையையும் நம்பவில்லை, தன் நேர்மையையும் நம்பவில்லை. யாருடையது என்று தெரியாத ஒரே மனிதரைத் தேடிப் பிடித்து, மூன்றில் எதில் சிக்கல் என்றும் சொல்லாமல் படிக்க வைத்தார். அன்றே நோட்டில் புதிய விதி ஏறியது: தன் கட்டுரையை அடையாளம் கண்டவர் அதைச் சொல்லி விலக வேண்டும். எழுதியது இசக்கிச்செல்வியின் கை. எட்டு மாதம் கழித்து ஆய்வு அச்சில் வந்தது. பத்துக் கல்லூரிகளின் பட்டியலில் அவர்கள் கல்லூரி இல்லை. முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, அந்தப் பட்டியலை எண்ணிக் கொடுத்தவர்களின் கல்லூரி என்று அதன் பெயர் இருந்தது. மெகராஜ் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு நூலக வாசலில் மாட்டினார்.