நாற்பது நிமிடமும் ஒரு கையெழுத்தும்

ஜப்பானின் துறைமுக நகரம் ஒன்றில், மாணவர்களுக்கான விண்வெளி வீரர் தேர்வின் கடைசிச் சுற்றுக்கு ஒரே பள்ளியைச் சேர்ந்த மூவர் வந்து சேர்ந்தார்கள். சிகுசா, மிசுஹோ என்று இரண்டு பெண்கள். கென்கோ என்று ஒரு பையன். விண்கலத்தில் மாணவருக்கென்று இருந்ததோ ஒரே ஓர் இருக்கை.

கடைசிச் சோதனை, மூடிய அறையில் ஏழு நாள் தங்குவது. தலைமைத் தேர்வாளர் இசோபே அம்மையார் அவர்களை உள்ளே அனுப்பும்போது சொன்னார்: "உள்ளே கேமரா கிடையாது. நடப்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதுங்கள். அன்றன்றைய பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். வெளியே போனவருக்கு இருக்கை இல்லை. மற்றதைப் பதிவேட்டைப் பார்த்து நாங்கள் முடிவு செய்வோம்."

மிசுஹோவைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்று சிகுசாவுக்கும் கென்கோவுக்கும் தெரியும். மணிக்கட்டு வளையத்தை அவள் திருகினால் வெள்ளைக் கவசம் உடம்பை மூடிக்கொள்ளும். கடலிலிருந்து கரையேறும் ராட்சத மிருகங்களை விரட்டி ஊரைக் காத்துவந்த முகம் தெரியாத வீரர் அவள்தான். வெளியே சொல்வதில்லை என்று இருவரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் நண்பகலில் அபாயச் சங்கு ஊதியது. துறைமுகத்தில் மிருகம் புகுந்துவிட்டது, பள்ளிப் பிள்ளைகள் ஏறிய படகு சிக்கிக்கொண்டது என்று ஒலிபெருக்கி அலறியது. மிசுஹோ ஒரு கணம் கதவையே பார்த்தாள். பிறகு கைப்பிடியை இழுத்துத் திறந்து ஓடினாள். காவலர்கள் துறைமுகத்துக்கு விரைந்திருந்ததால் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

நாற்பது நிமிடத்தில் திரும்பினாள். பிள்ளைகள் பிழைத்தார்கள். அவள் தோள் வீங்கிப்போயிருந்தது. அதற்குள் கென்கோ பதிவேட்டில், 'மூச்சு முட்டியதால் கதவைத் திறந்து வெளியே போய் வந்தேன்' என்று எழுதித் தன் பெயரையும் போட்டிருந்தான். கதவு திறந்ததை அதில் பொருத்தியிருந்த கருவி காட்டும். போனது யார் என்று அதற்குத் தெரியாது.

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்றாள் மிசுஹோ.

"ஊரைக் காப்பாற்றியதற்கு உனக்குத் தண்டனையா? விண்ணுக்கு நீ போ. எனக்கு அந்த இருக்கை வேண்டாம்."

மிசுஹோ அழுதாள். மறுக்கவில்லை.

அன்றைய பொறுப்பு சிகுசாவுடையது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவளும் கையெழுத்துப் போட்டாள்.  அதன்பின் பதிவேட்டின் பக்கம் திரும்பவே கூசினாள்.

ஏழாம் நாள் இசோபே பதிவேட்டுக்குக் கை நீட்டினார். சிகுசா அதைக் கொடுக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இதில் பொய் இருக்கிறது. வெளியே போனது கென்கோ இல்லை, மிசுஹோ. காரணத்தை அவள்தான் சொல்ல வேண்டும். பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவள் நான். என்னையும் நீக்கிவிடுங்கள்."

"ஆமாம், நான்தான் போனேன்" என்றாள் மிசுஹோ. காரணம் சொல்லவில்லை.

"வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதுமே!" என்று சிகுசாவைப் பார்த்துக் கத்தினான் கென்கோ.

கனவைக் கைவிட்டுப் பிள்ளைகளைக் காக்க ஓடியவள் ஒருத்தி. அவளுக்காகத் தன் இடத்தையே விட்டுக்கொடுத்தவன் ஒருவன். அவளைக் காட்டிக்கொடுத்தவள் இன்னொருத்தி. சொல்லுங்கள், அந்த இருக்கையை யாருக்குக் கொடுப்பது சரி?

விடை: சிகுசாவுக்கு. மிசுஹோ ஓடியது சரி, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் தன் பழியை இன்னொருவன் சுமக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கென்கோவுக்குப் பெரிய மனசு. ஆனால் விட்டுக்கொடுத்த இடத்தோடு ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்தான். விண்ணில் இருப்பவர் சொல்வதை நம்பித்தான் தரையில் இருப்பவர்கள் உயிர்களைக் காக்க முடியும். சிகுசாவும் தவறினாள், ஆனால் பதிவேடு கையைவிட்டுப் போகுமுன், தன் குற்றத்தையும் சேர்த்துச் சொன்னாள். கொடுத்த வாக்கையும் மீறவில்லை. இசோபேயின் தீர்ப்பும் அதுவே. சிகுசா பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று, கட்டுப் போட்ட தோளோடு மிசுஹோ ரயில் நிலையத்துக்கு வந்து அவளை அணைத்துக்கொண்டாள். "நீ சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை" என்றாள். கென்கோ வரவில்லை.