அருஞ்சுனை பேசாத பேச்சு

கடைசியில் ஒரு சிரிப்பு உண்டு. நிச்சயம் உண்டு.

ஆனால் இப்போது கிடையாது. இப்போது சிரித்தால் அடி விழும். மைதானத்துக்குள் வந்துகொண்டிருப்பவன் அருஞ்சுனை. அவன் தள்ளிய தள்ளில் இரும்புக் கேட் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

கழுத்தில் ரோஜா மாலை. தோளில் அடுக்கடுக்காகப் பொன்னாடை. கக்கத்தில் ஒரு சுவர்க் கடிகாரம். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே வலது முட்டியில் பட்டை.

"மாஸ்டர், நான் எப்ப ஓய்வு வாங்கினேன்?"

தங்கப்பழம் மாஸ்டர் நிமிரவில்லை. கபடிக் களத்தின் நடுக்கோட்டைச் சுண்ணாம்புப் பொடியால் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்த வேண்டிய வயசுக்குப் பிறகும் ஆடி இடுப்பு எலும்பை மாற்றிய ஆள். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நகர்வார். கோடு மட்டும் நூல் பிடித்த மாதிரி போகும்.

"மாலை நல்லா இருக்குடே," என்றார். "எந்தக் கடையில கட்டினது?"

"மாஸ்டர்!"

"வாசனையே இங்க வரைக்கும் வருது."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நான் எப்ப ஓய்வு வாங்கினேன்?"

"நீ வாங்கலையா?"

"வாங்கல!"

"அப்பொறம் எதுக்குலே மாலை?"

அருஞ்சுனை மாலையைப் பிய்த்து எறிந்தான். அது கோட்டின் மேல் விழுந்தது. மாஸ்டர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கலைந்த இடத்தில் மறுபடியும் சுண்ணாம்பு தூவினார்.

அருஞ்சுனைக்கு முப்பத்தொன்பது வயது. வயிறு நிறைவதே கபடியில்தான். டிவியில் வருகிற பெரிய லீக்கில் ரெய்டர். கோட்டைத் தாண்டி எதிராளி களத்துக்குள் ஒற்றை ஆளாகப் போவான். ஒரே மூச்சில் "கபடி கபடி" என்று பாடுவான். தொட்டுவிட்டுத் திரும்புவான். அந்த மூச்சைப் பழக்கியது இதே மைதானம், இதே மாஸ்டர்.

"முந்தாநாள் எவனோ வாட்ஸப்புல ஒரு ஆடியோ விட்டிருக்கான். 'நான் அருஞ்சுனை பேசுதேன், ஆட்டத்தை நிறுத்திக்கிடுதேன்'னு. என் குரலு மாஸ்டர்! அச்சு அசலா என் குரலு! ஆனா நான் பேசவே இல்ல!"

"அப்படியா!"

"ஊரே கேட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டு. பால்கடை ஜெபசிங்கைத் தெரியும்லா? போன மாசம் கேலரியில நின்னுக்கிட்டு, 'கிழட்டுப் பயலே, வெளிய போ'ன்னு தொண்டை கிழியக் கத்தினான். அவன் வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதான். இந்தக் கடிகாரம் அவன் தந்ததுதான்."

"ஓடுதா?"

"எது?"

"கடிகாரம்."

"பேட்டரிகூடப் போடாமத் தந்திருக்கான், பேதியில போவான்!"

அருஞ்சுனை கடிகாரத்தைத் தரையில் வைத்தான். மூச்சு வாங்கியது.

"மறுத்துச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான். 'அண்ணாச்சி, மனசு கேக்காமப் பேசுதிய'ன்னு தோளைத் தட்டுதான். அதைக்கூட விடுங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'எதுக்குப் போறிய, இன்னும் ஒரு வருசம் ஆடுங்க'ன்னு சொல்லணுமா வேண்டாமா? ஒரு நாய் சொல்லல மாஸ்டர்! மாலையைக் கட்டி வச்சுட்டுக் காத்துக் கெடந்த மாதிரில்லா வாராங்க!"

"உன் பொண்டாட்டி?"

"சண்முகக்கனியா? ஆடியோவைக் கேட்டா. கண்ணைத் தொடைச்சா. நேரா அடுப்படிக்குப் போயி கேசரி கிண்டுதா! நான் இழவு விழுந்த மாதிரி நிக்கேன், அவ முந்திரிப்பருப்பு வறுக்கா!"

மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். மீசைக்குக் கீழே என்ன நடந்தது என்று சொல்ல முடியாது.

சிரிப்பா? இன்னும் இல்லை.

"எனக்கெல்லாம் ஒருத்தனும் இப்படி ஒரு ஆடியோ போடல," என்றார்.

"உங்க காலத்துல செல்போனே கிடையாது."

"வாய் இருந்துச்சுல்லா."

அருஞ்சுனைக்கு அதைக் கேட்க நேரமில்லை. "மாஸ்டர், நீங்கதான் காப்பாத்தணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு டீம் பேரை அனுப்புதாங்க. மேனேஜர் என் இடத்துல வேற பயலைப் போடப் போறாரு. கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில ஒண்ணு சொன்னாரு."

"என்ன சொன்னாரு?" மாஸ்டர் செருமினார். அடுத்து வந்த குரல் சென்னையிலிருந்து, ஏசி அறையிலிருந்து, சுழல் நாற்காலியிலிருந்து வந்தது. "'லுக் அருஞ்சுனை, நீங்க எங்க ஃபேமிலி. ஃபேமிலிக்குள்ள ஒளிவு மறைவு வேண்டாம், ஓகேவா?'"

அருஞ்சுனை தன்னை அறியாமல் விறைத்து நின்று, "சார்," என்றான்.

பிறகு எரிச்சலானான். "விளையாடாதிய மாஸ்டர்."

மாஸ்டருக்கு அது ஒரு வியாதி. கலெக்டர் குரலில் கடலை வாங்குவார். வர்ணனையாளர் குரலில் கோழியை விரட்டுவார். டாக்டர் அவர் இடுப்பைப் பார்த்துச் சொன்னதை டாக்டருக்கே டாக்டர் குரலில் திருப்பிச் சொல்லி, ஆஸ்பத்திரியில் வெளியே போகச் சொன்ன கதையும் உண்டு. தன் சிஷ்யர்கள் குரலை மட்டும் அவர் எடுத்ததே இல்லை. அதனால் அருஞ்சுனை அவரைத் தவிர ஊரில் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுவான்.

"மேனேஜர் என்ன சொன்னாரு? அதைச் சொல்லு."

"'தங்கப்பழம் மாஸ்டர் போன் பண்ணி இது உன் குரல் இல்லன்னு சொல்லட்டும், நம்புறேன்'னாரு. குரல் விசயத்துல நீங்க சொன்னா அப்பீல் கிடையாதாம்."

"நல்ல மனுசன்."

"போன் பண்ணுங்க மாஸ்டர்."

"பண்ணுதேன். ஆனா கேக்காம எப்படிச் சத்தியம் பண்ண? ஆடியோவைப் போடு."

போட்டான். மைதானத்தில் அருஞ்சுனையின் குரல் கிளம்பியது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கு. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கச்சேரி கேட்கிற மாதிரி.

"பய நல்லா பண்ணியிருக்கான்," என்றார்.

"கம்ப்யூட்டர்ல பண்ணியிருப்பானுக. புதுசா வந்திருக்க ரெய்டர் பயலுக இருக்கானுகள்லா, அவனுகதான். என் இடம் காலியாகணும்னு. கையில கெடைச்சான், கழுத்தை முறிச்சிருவேன்."

"முறி. ஆனா எனக்கு இப்ப உன் குரலைப் பக்கத்துல வச்சுப் பாக்கணும். அதுல உள்ளதை ஒவ்வொரு வரியா நீ சொல்லு. அதையும் இதையும் கேட்டாத்தான் வித்தியாசம் பிடிபடும்."

"நான் சொல்லணுமா?"

"வேற எவன் சொல்ல? அப்படியே ஒவ்வொரு வரியும் பொய்யா இல்லையான்னும் சொல்லிரு. 'குரலும் பொய், விசயமும் பொய்'னு மேனேஜர்கிட்ட அடிச்சுப் பேசலாம்."

அருஞ்சுனைக்கு அது பிடித்திருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். முதல் வரியைச் சொன்னான்.

"'என் வலது முட்டி மடங்காது. கக்கூஸ்ல குத்தவச்சு உக்கார முடியல.'"

சொல்லி முடிப்பதற்குள் முகம் சிவந்தது. "இதைப் போயி ஊருக்கே சொல்லியிருக்கான் பாருங்க, மானங்கெட்டவன்!"

"பொய்யா?"

அருஞ்சுனை முட்டிப் பட்டையை இழுத்துவிட்டான்.

"பொய்யாடே?"

"வெஸ்டர்ன் போட்டாச்சு."

"சரி. அடுத்தது."

"'பிராக்டிஸ்ல சின்னப் பயலுக என்னை மெதுவாத்தான் பிடிக்கானுக. கீழ விழாமப் பிடிக்கானுக.'"

அருஞ்சுனை கையை ஓங்கினான். எதிரில் யாரும் இல்லை.

"அது மரியாதை மாஸ்டர்! பெரியவன்கிற மரியாதை!"

"பொய்யான்னு கேட்டேன்."

"மரியாதைன்னு சொல்லுதேன்லா!"

"சரி, மரியாதை. அடுத்தது."

அடுத்த வரிக்கு அவன் நேரம் எடுத்துக்கொண்டான். செல்லை ஒருமுறை காதில் வைத்துக் கேட்டான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"'கோட்டைத் தாண்டிட்டா ஏழு பேரு என் காலையே பாத்துக்கிட்டு நிப்பான். கண்ணு சிமிட்ட மாட்டான். கோட்டுக்கு வெளிய வந்துட்டா என் காலை ஒருத்தனும் பாக்கதில்ல. நொண்டினாலும் பாக்கதில்ல.'"

குரல் இறங்கியிருந்தது.

"இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. சண்முகக்கனிகிட்டகூட. அந்தப் பயலுக்கு எப்படித் தெரியும்?"

"பொய்யா?"

"எப்படித் தெரியும்னு கேக்கேன் மாஸ்டர்!"

"எனக்கென்னடே தெரியும், நான் கோடு போடுதவன். அடுத்தது."

"'தைரியத்துல ஆடுதேன்னு எல்லாரும் சொல்லுதிய. தைரியம் இல்ல. நாளைக்குக் காலையில எந்திரிச்சா எங்க போகணும்னு தெரியாது. அந்தப் பயம்.'"

மாஸ்டர் இந்த முறை பொய்யா என்று கேட்கவில்லை. சுண்ணாம்புப் பெட்டியைத் தட்டித் தட்டி ஒட்டியிருந்ததை உதிர்த்தார்.

"கடைசி வரி," என்றார்.

"அதைச் சொல்ல மாட்டேன். அது பொய். அதுதான் மாஸ்டர் பொய்! இதுவரைக்கும் சொன்னதை எல்லாம் சொல்லிட்டுக் கடைசியில பொய்யை வச்சிருக்கான், அயோக்கியப் பய!"

"பொய்தான? பொய்யைச் சொல்ல எதுக்குடே பயப்படுத?"

"பயமா? எனக்கா?"

"அப்ப சொல்லு."

அருஞ்சுனை மூச்சை இழுத்தான். ரெய்டுக்குக் கிளம்பும்போது இழுக்கிற மூச்சு. ஸ்டேடியத்தில் நடுவர் பக்கத்திலேயே நடந்து வந்து கேட்டாலும் அறுபடாத மூச்சு.

"'போ...'"

அறுபட்டது.

கேட் ஆடுவது நின்றிருந்தது.

இரண்டாவது முறை இழுத்தான்.

"'போதும்,'" என்றான். யாருக்கும் கேட்காத குரலில் மிச்சத்தையும் சொன்னான். "'நிறுத்திக்கிடுதேன்.'"

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"குரல் வேறதான். சந்தேகமே இல்ல. ஆடியோவுல உள்ளவன் அழாமச் சொல்லுதான்."

அருஞ்சுனை பொன்னாடையால் முகத்தைத் துடைத்தான். "அப்ப மேனேஜர்கிட்டச் சொல்லிருவியளா?"

"சொல்லிருதேன். போனைக் குடு."

கொடுத்தான். மாஸ்டர் மேனேஜரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. செம்பிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் சரிசெய்தார்.

"ஹலோ, அருஞ்சுனை போன்தானே? மாஸ்டர் பேசுறாரா?" என்றது ஏசி அறை.

"இல்ல சார்," என்றார் தங்கப்பழம் மாஸ்டர். "நான் அருஞ்சுனை பேசுதேன்."

கொஞ்சம் கரகரப்பு. கொஞ்சம் மூக்கு. 'சார்' என்பதற்கு முன்னால் வருகிற அந்தச் சின்ன இடறல்கூட.

அருஞ்சுனை செல்லைப் பார்த்தான். மாஸ்டரின் வாயைப் பார்த்தான். மறுபடியும் செல்லைப் பார்த்தான்.

"அருஞ்சுனை! எங்கப்பா இருக்கீங்க? நேரமாச்சு. ஒரே கேள்வி. அந்த ஆடியோல பேசினது நீங்களா, இல்லையா?"

மாஸ்டர் அருஞ்சுனையிடம் செல்லை நீட்டினார். அவருக்கும் அவனுக்கும் நடுவில் புதுச் சுண்ணாம்புக் கோடு.

அருஞ்சுனை பாய்ந்தான். இடது கை மாஸ்டரின் சட்டைக் காலரைப் பிடித்தது. வலது கை ஓங்கியது. கழுத்தை முறிக்கிறேன் என்று சொன்ன கை.

மாஸ்டர் நகரவில்லை. குனிந்து அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டிப் பட்டைக்குக் கீழே அது வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணே சிமிட்டவில்லை.

கோட்டுக்கு வெளியேயும் பார்க்க, ஒரு ஆள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

முதலில் அவன் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பொன்னாடைகள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன. காலரை விட்டான். மடங்காத காலை நீட்டிக்கொண்டு சுண்ணாம்பின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தான். வேட்டியெல்லாம் பொடி. உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, இருமல் வருகிற அளவுக்கு...

"ஹலோ? ஹலோ? யாருங்க அது சிரிக்கிறது?"

அருஞ்சுனை கையை நீட்டிச் செல்லை வாங்கினான்.

"நான்தான் சார்," என்றான். "அந்த ஆடியோவுல பேசினதும் நான்தான்."