பேன் இரவல் கேட்ட குன்னி

மலையடிக் காட்டில் குன்னி என்றொரு குட்டிக் குரங்கு இருந்தது. அதன் தலையில் ஒரு பேன்கூட இல்லை. அதுதான் அதன் துக்கம்.

எல்லாம் அப்பா மிடுக்கன் செய்த வேலை. சுனைக்கரையில் ஒரு பூந்திக்கொட்டை மரம் அதன் கண்ணில் பட்டது. கொட்டையைக் கசக்கி, நுரை பொங்கப் பொங்க வீட்டில் எல்லோரையும் தேய்த்துக் குளிப்பாட்டியது. ஒரே வாரத்தில் பேன் பரம்பரையே அழிந்தது. மிடுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை.

"காட்டிலேயே பேன் இல்லாத குடும்பம் நம்ம குடும்பம்தான்! இனிமே யாரும் யாருக்கும் பேன் பார்க்க வேண்டாம். அது வெட்டி வேலை" என்று உச்சாணிக் கிளையில் ஏறி நின்று அறிவித்தது.

அதற்குமுன் தினமும் சாயங்காலம் குன்னியை மடியில் போட்டுக்கொண்டு அப்பா பேன் பார்க்கும். அந்த விரல்கள் தலையில் ஊர்ந்தால் குன்னிக்குச் சொர்க்கம்தான். இப்போதோ அப்பா ஒரு கிளை, அம்மா ஒரு கிளை, குன்னி ஒரு கிளை. பத்து நாளாக யார் கையும் அதன்மேல் படவில்லை. குன்னிக்கு நாவல்பழம்கூடக் கசந்தது.

பதினோராம் நாள் அது ஒரு முடிவோடு கிளம்பியது. முதலில் எருமையிடம் போனது.

"அத்தை, ரெண்டு பேன் இரவல் கொடுப்பீங்களா?"

"என்கிட்ட உண்ணிதான் இருக்கு, கண்ணு. ஒவ்வொண்ணும் ஆமணக்கு விதை மாதிரி இருக்கும். வேணுமா?"

குன்னி திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போய்க் கரடியிடம் கேட்டது.

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிறியே! எவ்வளவு வேணும்? அள்ளிக்கோ."

இரண்டே இரண்டு பேனைத் தலையில் விட்டுக்கொண்டு குன்னி வீட்டுக்குப் பறந்தது. "அப்பா, அரிக்குது!"

மிடுக்கனுக்கு மானமே போய்விட்டது. பூந்திக்கொட்டையைக் கையில் எடுத்தது. "நம்ம வீட்டில பேனா? எங்கேயிருந்துடி வந்தது?"

"கரடி மாமா கொடுத்தாரு. நான்தான் கேட்டு வாங்கினேன்." குன்னி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டது. "பேன் இருந்தாத்தானே என் தலையில கை வைப்பீங்க?"

மிடுக்கன் கையிலிருந்த பூந்திக்கொட்டையைக் கீழே போட்டது. குட்டியை இழுத்து மடியில் கிடத்திக்கொண்டது. இரண்டு பேனும் இரண்டு நிமிடத்தில் அகப்பட்டன. ஆனாலும் அதன் விரல்கள் நிற்கவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தது. "இன்னுமா பார்க்கிறீங்க?"

"நிறைய இருக்கும்போல" என்றது மிடுக்கன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அப்படியா? எனக்கும் அரிக்குது" என்று அம்மாவும் தலையை நீட்டியது.

கொஞ்ச நேரத்தில் கரடியும் வந்து வரிசையில் உட்கார்ந்துகொண்டது. அதன் தலையில் மட்டும் நிஜமாகவே பேன் இருந்தது.

நீதி: பேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளையின் தலையில் பெற்றவர் கை இருக்க வேண்டும்.