விதைக்க நாள் கேட்டார்கள்

முதுகுளத்தூருக்குத் தெற்கே வானம் பார்த்த பூமி. மழைக்கு முன்பே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விதைக்கும் நாளை மடத்துச் சாமி சொல்லுவார். சாமி வாயைத் திறந்தால் ஊரே ஒரே நாளில் விதைத்து முடிக்கும்.

அவருடைய சீடர் சாத்தையா, சாமியைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கும் கொஞ்சம் நிலம் உண்டு.

போன வருஷம் சாமி சொன்ன நாளில் விதைத்தார்கள். மறுவாரமே ஒரு மழை. நெல் முளைத்தது, பெண்கள் குலவை போட்டார்கள். அதோடு சரி. ஐப்பசி வெயிலில் பயிர் கருகியது. கார்த்திகையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, காய்ந்த தாளையும் அடித்துக்கொண்டு போனது. இப்போதெல்லாம் மழை இப்படித்தான், வந்தாலும் கெடுதல், வராவிட்டாலும் கெடுதல்.

இந்த ஆவணியில் ஊர் மறுபடியும் மடத்து வாசலில் உட்கார்ந்திருந்தது. எல்லார் வீட்டிலும் இருந்தது சம்பந்தி வீட்டில் கெஞ்சி வாங்கிய விதை. இதுவும் போனால் இன்னொரு தடவை போய் நிற்க முகமில்லை. சாத்தையா எழுந்து உள்ளே போனார்.

"சாமி, நாள் கேட்டு வந்திருக்காக."

சாமி அரிசி களைந்துகொண்டிருந்தார். "தெரியலையேண்ணே."

"வருஷா வருஷம் சொன்னீகளே!"

"என் குரு சொல்லிக்கொடுத்த கணக்கு அது. அவரு பாத்த வானம் வேற."

"ஏதாவது ஒரு நாளைச் சொல்லுங்க சாமி. உங்க வார்த்தையை நம்பித்தானே தைரியமா விதைக்கிறாக."

"போன வருஷம் நீங்க எம்புட்டு விதைச்சீக?"

"பூராத்தையும்."

"கொஞ்சம்கூட மிச்சம் வைக்கலையா?"

"நீங்களே சொன்ன பெறகு எதுக்கு மிச்சம்?" சொன்ன பிறகுதான் சாத்தையா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாமி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "எனக்குத் தெரியாது" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து அடுப்பை மூட்டினார்.

வெளியே ஒரே கூச்சல். ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சாத்தையாவுக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தது.

"என்ன காரியம் செஞ்சீக சாமி? ஊரே பயந்து கெடக்கு!"

"பயப்படட்டும்ணே" என்றார் சாமி. "பயந்தவன்தான் பாதி விதையைப் பானையில வச்சிருப்பான்."