அவிழ்த்துப் போட்ட கேட்டமரான்

மணற்குப்பத்துக் கரையில் துறைமுக அதிகாரி ஒரு மரப்பலகையை நட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். 'இங்கே கேட்டமரான் நிறுத்தக் கூடாது. மீறினால் பறிமுதல்.'

"எங்க கட்டுமரத்தையா சார் சொல்றீங்க?" என்றாள் மீன்காரி அஞ்சலாட்சி.

"கேட்டமரான்! இங்கிலீஷ் வார்த்தை. உனக்கென்ன தெரியும்?"

மறுநாள் பறிமுதலை நேரில் காட்ட அதிகாரி கலெக்டரையே கூட்டிவந்தார். அதற்குள் கடலிலிருந்து திரும்பியவர்கள் வழக்கம்போலக் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போட்டிருந்தார்கள்.

"எங்கேய்யா கேட்டமரான்?" என்றார் கலெக்டர்.

அதிகாரி மரங்களைக் காட்டினார்.

"இது சும்மா மரம் சார்," என்றாள் அஞ்சலாட்சி. "கடலுக்குப் போறப்ப நாங்க கட்டினாத்தான் கட்டுமரம். வெள்ளைக்காரன் பேரைத்தான் கொண்டுபோனான், கயிறு எங்ககிட்டதான் இருக்கு."

கலெக்டர் செல்போனில் அகராதியைத் தேடிப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "தமிழ்ச் சொல்தான்யா! பலகையைப் பிடுங்கு."

இப்போது அந்தப் பலகையில்தான் அஞ்சலாட்சி மீன் வெட்டுகிறாள்.